மணிச்சத்தை நிறுத்திவிட்டுத் திருப்பதி போனோம்

சித்தூரில் திருப்பதி பஸ் ஏறியவர்கள் இவர்கள்.

ஒன்று, நான். சோளிங்கர் பக்கம். உரக் கிடங்கில் மூட்டை இறக்குகிறேன். இருபத்தாறு வருஷம் ஆகிறது.

இரண்டு, என் மனைவி மல்லிகா. தலையில் முடி இல்லை. துண்டு கட்டியிருந்தாள்.

மூன்று, மல்லிகாவின் தம்பி சேகர். சித்தூரில் மாங்கூழ் கம்பெனியில் வேலை. தெலுங்கு பேசுவான். தேவை இல்லாவிட்டாலும் பேசுவான்.

நான்கு, ஒரு மெழுகுக் கட்டி. தீப்பெட்டியில் பாதி இருக்கும். மல்லிகாவின் வயிற்றில் போன வருஷம் அறுத்து எடுத்ததில் ஒரு துண்டு அதற்குள் இருந்தது. அதற்கு டிக்கெட் வாங்கவில்லை.

மல்லிகாவுக்குச் சினைப்பையில் புற்றுநோய். தம்பி இருக்கிறான் என்று சித்தூரில் ஆபரேஷன் செய்தோம். பிறகு கீமோ. ஏழு மாதம் நன்றாக இருந்தாள். முடிகூட முளைத்தது. நோய் திரும்ப வந்தது. மறுபடி கீமோ போட்டார்கள். முடி போனது, நோய் போகவில்லை. திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புது மருந்து ஒன்றை ஆராய்ச்சியாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள், ஒத்து வருகிறவர்களுக்கு மட்டும் கொடுப்பார்கள், போய்ப் பாருங்கள் என்று சித்தூர் டாக்டர் சீட்டு எழுதினார்.

முதல் தடவை திருப்பதி போனபோது அங்கே ஒரு டாக்டர் அம்மா உட்கார வைத்து விளக்கினார். அவர் தெலுங்கு. சேகர் தமிழில் சொன்னான். உடம்பில் எந்த செல்லுக்கும் பாஸ்பேட் வேண்டும். அது தானாக உள்ளே போகாது. செல்லின் சுவரில் புரதத்தால் ஆன வாசல் இருக்கிறது. அந்த வாசல்தான் பாஸ்பேட்டை ரத்தத்தில் இருந்து பிடித்து உள்ளே இழுக்கும். சில புற்றுக்கட்டிகளில் இந்த வாசல் மிதமிஞ்சி முளைத்திருக்கும். புது மருந்து அந்த வாசலைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாகவே விஷத்தை உள்ளே இறக்கும். வாசல் இல்லாத கட்டியில் அந்த மருந்துக்கு வேலை இல்லை. பழைய கட்டித் துண்டைக் கொண்டுவந்தால் சாயம் போட்டுப் பார்த்துவிடலாம். போட்ட கீமோ உடம்பை விட்டுப் போக வேண்டும், ஏழு வாரம் கழித்து வாருங்கள்.

பாஸ்பேட் என்றால் டி.ஏ.பி. உரத்தில் இருக்கிறதே அதுவா என்று கேட்டேன். டாக்டர் அம்மா சேகரைப் பார்த்தார். அவன் சொன்னதும் சிரித்துவிட்டு, அதே சத்துதான் என்றார்.

அதை நாங்கள் மணிச்சத்து என்போம். அது இல்லாமல் வேர் இறங்காது. கதிரில் மணி பிடிக்காது. என் முதுகில் ஏற்றாத மணிச்சத்து இல்லை. அதைத் தின்றுதான் கட்டி வளர்கிறது என்றால் அதை நிறுத்திவிட்டால் போயிற்று. எனக்கு அப்படித்தான் தோன்றியது. டாக்டரிடம் கேட்கவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் கிடங்கில் பில் போடுகிறவரிடம் மணிச்சத்து எந்தெந்தச் சாப்பாட்டில் அதிகம் என்று கேட்டேன். அவர் போனில் பார்த்து, டி.ஏ.பி. பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். பால், தயிர், முட்டை, மீன், கறி, பருப்பு, வேர்க்கடலை, கேழ்வரகு. எல்லாவற்றையும் நிறுத்தினேன். சமையலை நானே எடுத்துக்கொண்டேன். வெள்ளைச் சோறு, பூசணிக்காய், பீர்க்கங்காய், ஜவ்வரிசிக் கஞ்சி. மாம்பழத்தில் அந்தச் சத்து குறைவு என்று எழுதியிருந்ததால் அதை மட்டும் சாப்பிட விட்டேன். மல்லிகா தட்டைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், சாப்பிடுவாள். ஒன்றும் சொல்லவில்லை. ஏழு வாரம்.

அப்புறம்தான் இந்தப் பயணம்.

முதல் நாள் சித்தூர். ஜூன் மாதம். மாங்கூழ் கம்பெனிகளின் வாசலில் கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. டிரைவர்கள் லாரிக்கு அடியில் துணி விரித்துப் படுத்திருந்தார்கள். ஊரே புளித்த மாம்பழ வாசனை. எங்கள் ஊரில் லாரி இப்படி நிற்பது கரும்பு ஆலை முன்னால்தான். சேகர் மாம்பழத்தை இனி வாழ்நாளில் வாயில் வைக்க மாட்டேன் என்றான்.

ஆஸ்பத்திரியில் மெழுகுக் கட்டியை வாங்க ஒரு மணி நேரம் ஆனது. ஃபாரம் தெலுங்கில் இருந்தது. சேகர் நிரப்பினான். உறவு என்ற இடத்தில் என்னைக் கேட்காமல் தம்பி என்று எழுதிவிட்டான். ஜன்னலில் இருந்தவர் கையெழுத்து போட வந்தவன் நான் என்பதைப் பார்த்து, இவரா தம்பி என்று கேட்டார். ஃபாரம் திரும்ப எழுதினோம். அந்த மனிதர் நல்லவர். கட்டியைச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பஞ்சு வைத்து, வெயில் படக் கூடாது, உருகினால் வேறு கிடையாது, இது ஒன்றுதான் மிச்சம் என்றார்.

அன்று சேகர் அறையில் தங்கினோம். அக்கா வருகிறாள் என்று அவன் கோழிக்குழம்பு வைத்துக் களி கிண்டியிருந்தான். அங்கே அதற்குச் சங்கட்டி என்று பெயர். எங்கள் களிதான், உள்ளே சோறு கொஞ்சம் சேர்த்திருக்கும். நான் மல்லிகாவின் தட்டை எடுத்து வைத்துவிட்டு மாம்பழம் நறுக்கினேன்.

சேகருக்குக் கோபம் வந்தது. "இன்னா மாமா, எங்கக்காவுக்கு ஜெயில் சோறு போட்டுக்கினு கீற?"

"உடுடா," என்றாள் மல்லிகா. "உங்க மாமா உரக்கட டாக்டரு. அவுரு சொன்னா கேக்கணும்."

சேகர் சிரித்துவிட்டான். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். கோழிக்குழம்பை நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவள் மாம்பழம் சாப்பிட்டாள்.

மறுநாள் பஸ். சந்திரகிரி தாண்டுவதற்கு முன்னால் பின் டயர் வெடித்தது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். காலை பதினொரு மணி வெயில். ரோட்டோரம் ஒரே ஒரு வேப்ப மரம். அதன் நிழலில் முப்பது பேர். நான் டப்பாவைச் சட்டைக்குள் விட்டு இரண்டு கையாலும் மூடிக்கொண்டு ஓரத்தில் நின்றேன். ஒரு பெரியவர் என்ன அது என்று தெலுங்கில் கேட்டார். சேகர் சொன்னான். பெரியவர் எழுந்து தன் இடத்தைக் காட்டினார். மரத்தின் தூரில் உட்கார்ந்தேன். அரை மணி கழித்து அவர் மற்றவர்களிடம் ஏதோ சொன்னார். எல்லோரும் நகர்ந்தார்கள். நிழல் நகருகிறது, பெட்டிக்காரரை நடுவில் விடுங்கள் என்று சொல்கிறார் என்றான் சேகர். அப்படி மூன்று தடவை நகர்ந்தோம். மல்லிகா என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தாள். என்ன சிரிப்பு என்றேன். "நான் இங்க வெயில்ல ஒக்காந்துகினு கீறேன். என் கட்டிக்கு எல்லாரும் நெழல் குடுக்குறாங்க," என்றாள்.

நான் கொஞ்சம் தள்ளி அவளுக்கு இடம் விட்டேன்.

திருப்பதியில் இறங்கியதும் ஒன்றைக் கவனித்தேன். ஊரில் மல்லிகா கடைக்குப் போனால் பார்ப்பார்கள். பார்க்காத மாதிரியும் பார்ப்பார்கள். அதனால் வெயிலானாலும் துண்டை எடுக்க மாட்டாள். திருப்பதியில் பத்தில் நாலு பேர் மொட்டை. ஆண், பெண், கைக்குழந்தை, எல்லோர் தலையிலும் சந்தனம். பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்றோம். அவள் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பைக்குள் வைத்துவிட்டாள். ஊர் திரும்பும் வரை அதை வெளியே எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிப் பிரிவு மூன்றாம் மாடி. அங்கே லதா என்று ஒரு நர்ஸ். நகரிக்காரப் பெண். தமிழ் பேசுகிறவர் ஒருவர் கிடைத்ததில் எனக்கு நிம்மதி. அந்தப் பெண் டப்பாவைத் திறந்து கட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தது.

"கொஞ்சங்கூட உருகல அண்ணா. நல்லா கொண்டாந்துகீறீங்க."

பஸ் டயர் வெடித்ததைச் சேகர் சொன்னான். வேப்ப மரத்தையும் சேர்த்துச் சொன்னான். முப்பது பேரை அறுபது ஆக்கினான். மறுநாள் ரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் ரத்தம் எடுத்தார்கள். எடை பார்த்தார்கள். லதா எண்ணை எழுதிவிட்டு இன்னொரு தடவை ஏறச் சொன்னது. மறுபடியும் அதே எண். முப்பத்தெட்டு கிலோ முந்நூறு கிராம். ஏழு வாரம் முன்பு அதே மெஷினில் நாற்பத்து நாலு.

மத்தியானம் டாக்டர் அம்மா கூப்பிட்டார். முகம் சரியில்லை. ரத்தத்தில் பாஸ்பேட் மிகவும் குறைந்திருக்கிறது, இப்படிக் குறைய வேண்டிய காரணம் இல்லை, என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். சேகர் என்னைப் பார்த்தான். நான் சட்டைப் பையில் இருந்து பில் தாளை எடுத்து மேஜை மேல் வைத்தேன். பின்பக்கம் தமிழில் எழுதியிருந்தது. லதா எடுத்து ஒவ்வொன்றாகத் தெலுங்கில் படித்தது. பால் நிறுத்தம். முட்டை நிறுத்தம். பருப்பு நிறுத்தம். படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது.

டாக்டர் அம்மா பேனாவை மூடி வைத்தார். திட்டவில்லை. லதாவிடம் நிதானமாகச் சொன்னார். லதா என் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தது.

"அண்ணா, வயல்ல கோரை மண்டிக்கினா உரத்த நிறுத்துவாங்களா?"

இல்லை என்றேன்.

"ஏன்?"

"நெல்லுதான் முதல்ல காயும்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

"அதேதான் அண்ணா. கட்டில அந்த வாசல் ஜாஸ்தி. ரத்தத்துல துளி கெடந்தாக்கூட அது இழுத்துக்கும். மத்த எடத்துக்குத்தான் கெடைக்காது. சோத்துல வரலன்னா ஒடம்பு எலும்புல இருந்து எடுத்துக் குடுக்கும். அக்கா நடக்கும்போது கால் வலிக்குதுன்னாங்களா?"

மல்லிகா நடக்கும்போது தொடையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நோய் பரவிவிட்டது என்று நினைத்து நான் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் இருந்து இந்த நோய்க்குப் போகிறவர்கள் நிறைய. எல்லோர் வீட்டிலும் ஒருவன் இருப்பான். எதையோ கேள்விப்பட்டு எதையோ நிறுத்துவான். நான் நிறுத்தியது வெளியில் கேட்டதை வைத்துக்கூட இல்லை. டாக்டர் சொன்னதை வைத்துத்தான். அவர் சொன்னது சரி. நான் அதை வயலில் விட்டுப் பார்த்தேன், அதிலும் பாதி வயலில்; கோரையைப் பார்த்தேன், நெல்லைப் பார்க்கவில்லை.

டாக்டர் அம்மா கடைசியாகச் சொன்னது இது. சாயம் போட்டு முடிவு வர ஒன்பது நாள் ஆகும். வாசல் நிறைய இருந்தால் மருந்து உண்டு. ஆனால் எடை நாற்பது கிலோ இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்களைச் சேர்க்க அவருக்கு அனுமதி இல்லை. பட்டியலில் இந்தத் தடவை இருப்பது ஒரே இடம். ஒன்பதாம் நாள் நாற்பது இல்லை என்றால் அது அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்த இடம் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

ஒன்பது நாளில் ஒரு கிலோ எழுநூறு. மூட்டைக்காரனுக்கு அது ஒரு எடையா? கையில் பிடித்தால் தெரியாது.

இரண்டு நாள் வார்டில் வைத்திருந்தார்கள். பட்டினி கிடந்த உடம்புக்கு எடுத்த எடுப்பில் நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் இருக்கிற கொஞ்ச பாஸ்பேட்டும் ஒரேயடியாக இறங்கி நெஞ்சு நின்றுவிடுமாம். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீரில் கரைத்துக் குடிக்க ஒரு பொடி கொடுத்தார்கள். உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று லதாவைக் கேட்டேன். பாஸ்பேட் என்றது. வேளைக்கு ஒரு உறை நானே கரைத்துக் கொடுத்தேன். மல்லிகா குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இப்ப நேரா உரத்தையே ஊத்துற."

சேகருக்கு மாங்காய் சீசனில் மூன்று நாளுக்கு மேல் லீவு இல்லை. கிளம்பும்போது ஒரு யோசனை சொன்னான். மலை மேல் துலாபாரம் வேண்டிக்கொள்ளலாம், அக்கா எடைக்கு எடை வெல்லம். "இப்பவே போட்டுட்டா வெல்லம் கம்மியா ஆவும் மாமா," என்றான். மல்லிகா அவன் மேல் தலையணையை எறிந்தாள். வார்டே சிரித்தது. தெலுங்குக்காரர்களும் சிரித்தார்கள், என்ன என்று தெரியாமலே.

ஐந்தாம் நாள் திருப்பதியை ஒட்டிய திருச்சானூரில் ஒரு லாட்ஜுக்கு வந்தோம். ஆஸ்பத்திரி பக்கத்தைவிட அங்கே அமைதி. தாயார் கோயில் தெரு முழுக்கப் பூக்கடை, வளையல் கடை. காலையில் மெஸ்ஸில் இட்லிக்குக் காரப்பொடியும் நெய்யும் வைப்பார்கள். எங்கள் ஊரில் சட்னி சாம்பாரோடு சரி. மதியம் எல்லாச் சோற்றுக்கும் முதலில் பப்பு. கெட்டிப் பருப்பு, கீரை போட்டது, தக்காளி போட்டது, மாங்காய் போட்டது. பருப்பில்லாத சாப்பாடு இந்த ஊரில் கிடையாது. ஏழு வாரம் நான் எதை ஒளித்தேனோ அதை இவர்கள் கேட்காமலே போட்டார்கள்.

மெஸ் நடத்துகிற அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெலுங்கு தெரியாது. முதல் நாள் நான் மல்லிகாவைக் காட்டி, கையைத் தராசு மாதிரி வைத்து, நாலு விரலையும் ஒரு முட்டியையும் காட்டினேன். நாற்பது. அந்த அம்மா என்னைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. என்ன புரிந்ததோ தெரியாது. அன்று முதல் மல்லிகா சோற்றில் நெய் இரண்டு கரண்டி விழுந்தது. மூன்று வேளையும் அவித்த முட்டை வந்தது. மல்லிகா வேண்டாம் என்று கையை ஆட்டினால் பக்கத்தில் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கும். சாப்பிட்டு முடித்தால்தான் நகரும்.

வயிறு சுருங்கிப் போயிருந்தது. நாலு வாய்க்கு மேல் இறங்காது. அதனால் இரண்டு மணிக்கு ஒரு தடவை ஏதாவது. பால், தயிர்ச்சோறு, வேர்க்கடலை உருண்டை. தள்ளுவண்டியில் முட்டை தோசை போடுகிறவர் எங்களைத் தூரத்தில் பார்த்தாலே கல்லில் எண்ணெய் விட்டுவிடுவார்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போக வேண்டும். ஏழாம் நாள் ஷேர் ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரி என்றேன். டிரைவர் தலையாட்டினார். வண்டி போகிறது, போகிறது, ஆஸ்பத்திரி வரவில்லை. ரயில்வே ஸ்டேஷன் வந்தது. இறங்குங்கள் என்று கையைக் காட்டினார். நான் மறுபடி ஆஸ்பத்திரி என்றேன். கடைசியில் பக்கத்தில் இருந்த பையன்கள், ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் கம்பெனி வேலை செய்கிறவர்கள், தமிழில் விளக்கினார்கள். அவர் மல்லிகாவின் தலையைப் பார்த்திருக்கிறார். மொட்டை போட்டாயிற்று, தரிசனம் ஆயிற்று, இனி ஊருக்கு ரயில்தானே என்று அவரே முடிவு செய்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் இரண்டு கையையும் கூப்பினார். மற்றவர்களை இறக்கிவிட்டு எங்களை மட்டும் ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் கண்ணாடியில் மல்லிகாவைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். மன்னிப்பு போல இருந்தது.

"ஊருக்குப் போறவங்கன்னு நெனச்சிட்டாரு," என்றாள் மல்லிகா. "நல்ல சகுனந்தான்."

அன்று சாயங்காலம் கோயில் குளக்கரையில் உட்கார்ந்திருந்தோம். அவள் கையில் பால் டம்ளர். நான் கேட்டேன், இந்த ஏழு வாரமும் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று. அவள் ஒரு டீச்சர் வீட்டில் பல வருஷம் வேலை செய்தவள். எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். கால் வலித்தது. எடை குறைந்தது. வேண்டாம் என்று ஒரு நாள் தட்டைத் தள்ளியிருந்தால் நான் விட்டிருப்பேன்.

மல்லிகா பாலை ஊதிக்கொண்டே சொன்னாள்.

"ஆபரேஷன் டாக்டரு பண்ணாரு. ஊசி நர்சு போட்டாங்க. நீ வெளிய பெஞ்சில ஒக்காந்துகினு இருந்த. கை சும்மா இருந்தா உனுக்குப் பைத்தியம் புடிக்கும். இது ஒண்ணுதான் நீ செஞ்ச. அதான் உட்டுட்டேன்."

குளத்தில் ஒருவர் மூக்கைப் பிடித்து முங்கி எழுந்தார். அவள் டம்ளரைக் காலி செய்துவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

பத்தாம் நாள் மருந்துக்கடை வாசலில் இருந்த எடை மெஷினில் ஏறினாள். முப்பத்தொன்பது நானூறு. அது கடை மெஷின், கொஞ்சம் முன்னே பின்னே காட்டும். இன்னும் அறுநூறு கிராம். இரண்டு நாள். மறுநாள் அவளுக்கு வயிறு போனது. நெய்யும் முட்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. மோரும் சோறும்தான் இறங்கியது. அன்று அவளை மெஷினில் ஏற்றவில்லை. ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை.

எடை எப்படி ஏறும் என்று எனக்குத் தெரியும். சாக்கை ஈரம் பண்ணினால் ஏறும். தட்டில் கால் கட்டைவிரலை வைத்தால் ஏறும். கிடங்குக்காரன் இருபத்தாறு வருஷத்தில் இதையெல்லாம் பார்த்துவிடுவான். செய்தும் இருக்கிறேன், முதலாளி சொல்லி. பெரிய தெருவில் ஓர் இரும்புக் கடையில் தடி போல்ட் ஆறு வாங்கினேன். துணியில் சுற்றினேன். முக்கால் கிலோ.

பன்னிரண்டாம் நாள் காலையில் அதை மல்லிகாவிடம் கொடுத்தேன். என்ன என்று கேட்கவில்லை. பாவாடை நாடாவுக்குள் இடுப்பில் செருகி, மேலே புடவையைக் கட்டிக்கொண்டாள். வெளியே தெரியவில்லை. ஆட்டோவில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் மாடியில் லதா எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தது. கையில் தாள்.

"நெறைய கீது அண்ணா. சாயம் போட்டதுல கட்டி முழுக்கப் பழுப்பா புடிச்சிக்கினுது. மருந்துக்குப் புடிச்சிக்க எடம் நெறைய."

கட்டியில் வாசல் நிறைய என்பது கெட்ட சேதி. அன்றைக்கு அதுவே நல்ல சேதி. மல்லிகா லதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடை மட்டும் பார்த்துடலாம்," என்றது லதா. நடந்துகொண்டே சொன்னது. "நாப்பதுன்னு ஏன் வெச்சாங்கன்னா, இந்த மருந்துல கீறது விஷம். கிலோவுக்கு இவ்ளோன்னு அளந்துதான் ஏத்துவாங்க. நாப்பதுக்குக் கீழ இருந்தவங்களுக்கு இது தாங்கும்னு யாரும் இன்னும் பார்க்கல. அதனாலதான் டாக்டர் அம்மாவும் இதுல மட்டும் எறங்கி வர மாட்டாங்க."

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

ஏழு வாரம் நான் கேட்காமல் செய்தது ஒன்று. இது இரண்டாவது.

பாத்ரூம் போய்விட்டு வந்துவிடுகிறோம் என்றேன். இரண்டு பேரும் சேர்ந்தா என்கிற மாதிரி லதா பார்த்தது. மாடிப்படி திரும்புகிற இடத்தில் நின்றோம். ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். மல்லிகா சுவர்ப் பக்கம் திரும்பி இடுப்பில் கையை விட்டு எடுத்து என் கையில் வைத்தாள். துணி அவள் உடம்புச் சூட்டில் இருந்தது.

"வரலன்னா?" என்றேன்.

"வரலன்னா துன்னுக்கினு கெடக்கலாம். அடுத்த எடம் வராமலா போவும்." புடவையைச் சரிசெய்தாள். "இன்னிக்கி எதுவும் கைல வெச்சிக்காம ஏறணும். அவ்ளோதான்."

போல்ட்டுகளை மாடிப்படி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வந்தேன்.

எடை அறையில் டாக்டர் அம்மாவும் வந்து நின்றார். லதா செருப்பைக் கழற்றச் சொன்னது. வளையலைக் கழற்ற வேண்டாம் என்றது. மல்லிகா தானே கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். மெஷினில் சிவப்பு எண்கள் ஓடின. மூட்டை எடை பார்க்கும்போது முள் நிற்கும் வரை மூச்சு விடாமல் இருப்பேன், பழக்கம். அப்படியே நின்றேன். எண் மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போய் நின்றது. லதா சத்தமாகப் படித்தது.

நாற்பது கிலோ நூறு கிராம்.